மாநிலக் கோரிக்கையும் மதப் புரட்டும்

(கருவடிக்குப்பம் பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



கருவடிக்குப்பம் என்றால் புதுவையில் பலருக்கும் முதலில் ஞாபகத்துக்கு வருவது சுடுகாடுதான். அங்கே தூக்கிக் கொண்டு போகப்படுகிறவனை எந்தக் கட்சிக்காரனும், "உன் பாஷை எது? மதம் எது?" என்று கேட்டு ஓட்டுக் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தத் தொல்லையெல்லாம் உயிரோடிருக்கிற நமக்குத்தான்.

நமக்கு முன் பேசிய தோழர், புதுச்சேரிக்கு முழு மாநில அந்தஸ்து வேண்டுமென்று வெகு ஆவேசமாகப் பேசினார். அது வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. நீங்கள் ஓட்டுப் போட்டு 30 பேரை அனுப்புகிறீர்கள். டில்லி சர்க்கார் 3 பேர் வரை தானே நியமித்துக் கொள்ளலாம் என்று 1963-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. 2017-இல் அப்படி நியமிக்கப்பட்ட மூவரும், அப்போது டில்லியை ஆண்ட பாரதிய ஜனதாக் கட்சிக்காரர்கள். அது செல்லுமென்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்துவிட்டது. உங்களிடம் ஒரு ஓட்டும் வாங்காதவனுக்குச் சட்டசபையில் ஓட்டு! இது என்ன ஜனநாயகம்? ஆகவே கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் கோரிக்கை நியாயமானது என்பதற்காக, அதைத் தோளில் சுமந்து வருகிறவனெல்லாம் யோக்கியனாகிவிடுவானா என்பதுதான் நமது கேள்வி.

பஞ்சாபைப் பாருங்கள். 1953-இல் ஆந்திரர் பாஷையின் பேரால் ராஜ்யம் பெற்றார்கள். 1956-இல் இன்னும் பல ராஜ்யங்கள் பாஷைவாரியாகப் பிரிக்கப்பட்டன. பஞ்சாபிக்காரருக்கு இல்லை. ஏன்? கேட்டது அகாலி தளம் என்னும் சீக்கியர் கட்சி. சீக்கியர் பெருவாரியாயுள்ள மாகாணம் ஏற்பட்டால் மந்திரி பதவி தம் கைக்கு வரும் என்பது அதன் தலைவர்களுக்குத் தெரியாததல்ல. வாயில் பாஷை, கணக்கில் மதம்.

எதிர்த்தவர்கள் மட்டும் சளைத்தவர்களா? ஜனக்கணக்கு எடுக்க வருகிறவனிடம் தாய்மொழி ஹிந்தி என்று சொல்லும்படி, வீட்டிலே பஞ்சாபி பேசுகிற இந்துக்களிடம் 1951-இல் ஆரிய சமாஜிகள் பிரசாரம் செய்தார்கள். 1961-இல் ஜனசங்கத்தாரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். லக்ஷக்கணக்கானவர்கள் அப்படியே சொன்னார்கள். தோழர்களே, தாலாட்டுக் கேட்டது பஞ்சாபியில். சந்தையில் விலை பேசியது பஞ்சாபியில். பெண்டாட்டியிடம் சண்டை போட்டதும் பஞ்சாபியில். சர்க்கார் காகிதத்தில் மாத்திரம் ஹிந்தி! பெற்ற தாயின் பேச்சை என்னுடையதல்ல என்று ஒரு மனிதனைச் சொல்ல வைக்க மதத்தைத் தவிர வேறு எதனால் ஆகும்?

1961-இல் மாஸ்டர் தாராசிங் 48 நாள் பட்டினி கிடந்தும் காரியம் ஆகவில்லை. கடைசியில் 1966 நவம்பர் 1-ந் தேதி பஞ்சாபும் ஹரியானாவும் பிரிந்தன; சண்டிகாரை டில்லி எடுத்துக் கொண்டது. ஐந்து மாதங்கூட ஆகவில்லை. 1967 மார்ச்சில் பஞ்சாபில் ஏற்பட்ட கூட்டு மந்திரிசபையில் அகாலியும் ஜனசங்கமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன! தாய்மொழியைப் பொய்யாகச் சொன்ன ஏழைக் கடைக்காரனிடம் யாராவது வந்து, "தவறு செய்துவிட்டோம்" என்றார்களா? பதவி என்றதும் குருவும் ராமரும் ஒரே பாயில் படுத்துக்கொள்வார்கள், அடித்துக்கொள்வதற்குத்தான் நாம்.

இங்கே மாகேக்காரர் பேசுவது மலையாளம், ஏனாம்காரர் பேசுவது தெலுங்கு. எனவே புதுச்சேரியில் பாஷையைச் சொல்லி மாநிலம் கேட்க வழியில்லை. 1979-இல் பக்கத்து ராஜ்யங்களோடு இணைத்துவிடலாம் என்று மொரார்ஜி தேசாய் சொன்னபோது, இந்த ஊர் ஜனங்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். அதற்கு எந்தச் சாமியின் துணையும் தேவைப்படவில்லை. சட்டசபையிலோ பலமுறை மாநிலத் தீர்மானம் போட்டாகிவிட்டது. எதிர்க்கட்சியாயிருக்கும்போது உறுமுகிறார்கள், டில்லியோடு கூட்டு வைத்தபின் மனுக் கொடுக்கிறார்கள்.

ஆகவே அடுத்த முறை ஓட்டுக் கேட்க வருகிறவனிடம், "மாநிலம் வந்தால் அந்த 3 பேர் போவார்களா? வராதவரைக்கும் அவர்களை உன் கட்சி ஏற்றுக்கொள்ளுமா?" என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லாமல் கோயிலைப் பற்றியோ மசூதியைப் பற்றியோ பேச ஆரம்பித்தால், நோட்டீசை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நாம் சொன்னதில் சந்தேகமுள்ளவர்கள் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். பதில் சொல்லிவிட்டுத்தான் போவோம்.