கூட்டத்துக்கு வராத அம்மா



2025இல் வெளிவந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்' என்ற கொரியத் தொடரை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஜெஜு தீவில் மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்துப் பிழைக்கும் ஒரு தாய். அவருடைய மகள் ஏ-சுன். வகுப்புத் தலைவர் தேர்தலில் ஏ-சுன்தான் அதிக வாக்கு பெறுகிறாள். ஆசிரியரோ வசதியான வீட்டுப் பையனைத் தலைவனாக்குகிறார். கவிஞராகும் அவளது கனவும் வறுமையில் தள்ளிப்போகிறது. பின்னாளில், தன் மகள் வெளிநாட்டில் படிக்க வீட்டையே விற்கிறாள்.

இந்தத் தாய்மார்கள் நமக்கு அந்நியரல்லர். கம்பம், போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் அந்த அம்மாக்களுக்கு அன்றைய கூலி போய்விடும். இது புரியாமல், 'அக்கறையில்லாத பெற்றோர்' என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் மாலை ஒரு மாணவியின் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி வந்த அம்மா, கையைக் கழுவித் துடைத்துவிட்டு மகளின் நோட்டை வாங்கினார். எழுத்துத் தெரியாதவர்; ஆனாலும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அன்றோடு அந்தச் சொல்லை விட்டேன்.

கூட்டத்தை மாலைக்கு மாற்றுவதும், வென்ற பிள்ளைக்கு உரிய இடத்தைக் கொடுப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.