பழைய காரும் பழுதுபட்ட மின்கம்பியும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலையையும் குடிநீரையும் பற்றிப் பேசிப் பழகிய நான், இன்று பழைய கார்களின் மின்கம்பிகளைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அம்பாஸிடர் கார்களும் பழைய ஜீப்புகளும் நம் கிராமங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அம்பாஸிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. எஞ்சினையும் டயரையும் கவனிக்கும் நாம், மறைவில் கிடந்து மூப்படையும் கம்பிகளை மறந்துவிடுகின்றோம்.

என் சொந்தத் தவறு ஒன்றைக் கூறுகின்றேன். என் தகப்பனார் விட்டுச் சென்ற அம்பாஸிடரில், மழைக்காலத்தில் வைப்பருக்குரிய பியூஸ் எரிந்துபோயிற்று. இருமுறை மாற்றினேன். மூன்றாம் முறை பொறுமையிழந்து, செப்புக் கம்பி இழைகளைப் பியூஸின்மேல் சுற்றிவிட்டேன். வைப்பர் ஓடியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று வாரம் சென்றபின் ஓர் இரவு, கடுங்காய்ச்சல் கண்ட என் தாயாரைப் பின் இருக்கையில் படுக்கவைத்து மருத்துவமனைக்குப் புறப்பட்டேன். ஏரிக்கரையின்மேல் செல்கையில் கருகல் நாற்றம் வீசியது. அடுத்த கணம் முன்விளக்குகள் அணைந்தன. ஸ்டியரிங்கின் அடியிலிருந்து புகை கிளம்பியது. ஒருபுறம் நிரம்பிய ஏரி, மறுபுறம் பள்ளம். வண்டியை நிறுத்தித் தாயாரைக் கொட்டும் மழையில் இறக்கினேன். பாட்டரியைக் கழற்ற ஸ்பானர் தேடிய என் கைகள் நடுங்கின. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் எங்களை மருத்துவமனையில் சேர்த்தார். தாயார் பிழைத்தார்கள். ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை.

நேர்ந்தது என்ன? எஞ்சினுக்கும் காரின் உட்புறத்திற்கும் இடையேயுள்ள தகட்டின் துளையில் ரப்பர் வளையம் மக்கி உதிர்ந்திருந்தது. கம்பி தகட்டில் உராய்ந்து, மேலுறை தேய்ந்து, வண்டியின் உடலைத் தொட்டது. பியூஸ் எரிந்து எரிந்து என்னை எச்சரித்தது. நானோ அதன் வாயை அடைத்தேன். சூடேறிய கம்பி, அதனோடு கட்டாகச் சென்ற விளக்குக் கம்பிகளையும் உருக்கிவிட்டது.

ஏரிக்குக் கலங்கல் எப்படியோ, மின்கம்பிக்குப் பியூஸ் அப்படி. வெள்ளத்தில் கலங்கலை மண்மூட்டையால் அடைத்தால் கரை உடையும் என்பதை உழவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 12 வோல்ட்டுதானே என்று சிலர் எண்ணுவர். 60 வாட் விளக்கு ஒன்று 5 ஆம்பியர் மின்னோட்டமே எடுக்கும். கம்பி நேராக உடலைத் தொட்டாலோ, பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். ஆளைத் தாக்காத மின்சாரமே வண்டியைக் கொளுத்த வல்லது.

இனிச் செப்பனிடும் முறையைக் காண்போம்.

முதலாவது, வேலை தொடங்குமுன் பாட்டரியின் எர்த்து முனையைக் கழற்றுக. வேலை முடிந்தபின் அதைக் கடைசியில் மாட்டுக. சில மிகப் பழைய வண்டிகளில் நேர்முனையே எர்த்தாக இருக்கும். எந்த முனை வண்டியின் உடலோடு சேர்கின்றது என்பதைப் பார்த்துக்கொள்க. பாட்டரியருகே பீடியும் தீக்குச்சியும் ஆகா. அதிலிருந்து எளிதில் தீப்பற்றும் வாயு வெளிப்படும்.

இரண்டாவது, விளக்கு மங்கினால் உடனே புது விளக்கு வாங்க ஓடாதீர்கள். எர்த்து இணைப்பில் துருவேறியிருக்கலாம். பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக முடுக்கி, மேலே வாசலின் தடவுக.

மூன்றாவது, பியூஸ் எரிந்துகொண்டே இருந்தால் அதைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கிடையே 12 வோல்ட் சோதனை விளக்கு ஒன்றை இணைத்துப் பாட்டரியை மாட்டுக. தேவையாயின் சாவியையும் திருப்புக. ஹாரன், வைப்பர் முதலியவை ஓடாத நிலையில் விளக்கு முழு ஒளியுடன் எரிந்தால், எங்கோ கம்பி உடலைத் தொடுகின்றது என்று பொருள். கிளைக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கவும். எதைப் பிரித்ததும் ஒளி அணைகின்றதோ, அதுவே குற்றவாளி.

நான்காவது, பழுதான கம்பியை அதே பருமனும் நிறமும் உள்ள கம்பியால் மாற்றுக. முறுக்கி டேப் சுற்றுவது செப்பனிடுதல் ஆகாது. ஈயப்பற்று வைத்தோ, லக்குகளை அழுத்திப் பொருத்தியோ இணைக்க வேண்டும். தகட்டின் துளைதோறும் புது ரப்பர் வளையம் இடுக. பல பழைய கார்களில் முன்விளக்கிற்குப் பியூஸே இல்லை; தக்க எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பியூஸும் ரிலேயும் அமைத்துக்கொள்ளுதல் நலம்.

கம்பியை வளைத்தால் உறை வெடித்து உதிருமானால், ஒட்டுவேலை வீண். முழுவதையும் புதிதாக மாற்றுக. அப்பொழுதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிவிடலாகாது. ஒவ்வொரு முனையிலும் சீட்டுக் கட்டி, படம் வரைந்து, ஒரு கம்பியை மாற்றிச் சோதித்தபின்பே அடுத்ததைத் தொடுக.

நண்பர்களே, நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்ல ஊரார் நம்பியிருப்பது சில இடங்களில் இத்தகைய பழைய வண்டியைத்தான். மழைக்காலத்திற்கு முன் ஒருநாள் ஒதுக்கி அதன் கம்பிகளைப் பாருங்கள். சரியான அளவுள்ள பியூஸ்கள் நான்கும், பாட்டரிக்குப் பொருந்தும் ஸ்பானர் ஒன்றும் வண்டியிலேயே இருக்கட்டும். பியூஸ் எரிந்தால் அதைச் சபிக்காமல் காரணத்தைத் தேடுங்கள். நான் என் தாயாரை மழையில் நிறுத்திக் கற்ற பாடத்தை, நீங்கள் இந்த நிழலில் அமர்ந்தே கற்றுக்கொள்ள வேண்டுமென்று கேட்டு, என் உரையை முடிக்கின்றேன்.