புதுக் கணினியில் நெட் வராதபோது



சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ பாகம் பாகமாக வாங்கிவந்து, வீட்டிலேயே கணினியை அசெம்பிள் செய்கிற இளைஞர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். மின்விசிறி சுற்றும், திரையில் படம் வரும், லேன் கேபிளைச் செருகினால் மட்டும் நெட் வராது. உடனே "போர்டு போச்சு" என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் ஊசிகள் மயிரிழை போன்றவை. அவசரத்தில் ஒன்று வளைந்தாலும் நல்ல போர்டு நிஜமாகவே கெட்டுப்போகும். இத்தனைக்கும் நெட் வராததற்குக் காரணம் பெரும்பாலும் போர்டாக இருப்பதில்லை.

முதலில் கணினியின் பின்பக்கம் போய், லேன் கேபிள் செருகும் துளையைப் பாருங்கள். அதன் ஓரத்தில் சிறு விளக்குகள் இருக்கும். அவை எரிகின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. எரியவில்லை என்றால் விண்டோஸுக்குள் போய்த் தேடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் கேபிள் "டக்" என்ற சத்தத்தோடு பொருந்தியதா என்று பாருங்கள். புதிதாக அசெம்பிள் செய்த பெட்டிகளில் மட்டும் வரும் ஒரு கோளாறு உண்டு. விலை குறைந்த போர்டுகளோடு, பின்பக்கத்தில் மாட்டுவதற்கு மெல்லிய தகடு ஒன்று தனியாக வரும். போர்டை உள்ளே தள்ளும்போது அந்தத் தகட்டின் நாக்கு ஒன்று மடங்கி லேன் துளைக்குள் புகுந்துவிடும். கேபிள் முழுதாக உள்ளே போகாது. கணினியை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அது சரியாக இருந்தால் அதே கேபிளை ஒரு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். ரவுட்டரில் வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகளாக முறுக்கியிருக்கும். 100 எம்பி வேகத்துக்கு 2 ஜோடி போதும், 1000 எம்பிக்கு நான்கும் வேண்டும். அதனால் கிரிம்பிங் சரியில்லாமல் ஒரு கம்பி விட்டுப்போனாலும், நெட் அடியோடு நிற்காமல் வேகம் மட்டும் 100க்கு இறங்கிவிடுவது உண்டு. "நெட் வருது, ஆனா ஸ்லோ" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, நெட் இல்லை என்றால் என் முதல் சந்தேகம் டிரைவர் மீதுதான். இப்போதைய போர்டுகள் பலவற்றில் இன்டெல் ஐ226-வி, ரியல்டெக் 8125 போன்ற 2.5 கிகாபிட் சிப்கள் இருக்கின்றன. உங்கள் பென்டிரைவில் உள்ள விண்டோஸ், அந்த சிப்பை அறியாததாக இருக்கலாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் "ஈதர்நெட் கன்ட்ரோலர்" என்ற பெயரருகே மஞ்சள் குறி நிற்கும். டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலில்தான் பலர் தவித்துப்போகிறார்கள். விண்டோஸ் 11 ஹோம் நிறுவும்போதே நெட் கேட்டு, அடுத்த திரைக்கு விடாமல் நிறுத்திவிடுவதும் உண்டு.

இதற்குக் கையிலேயே மருந்து இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, போனின் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். தனி டிரைவர் இல்லாமலேயே விண்டோஸ் அதை நெட் இணைப்பாக ஏற்றுக்கொள்ளும். அதைக் கொண்டு, போர்டைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரிய லேன் டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். மாடல் பெயர் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் ஈதர்நெட் கன்ட்ரோலர் என்ற பெயரே இல்லை என்றால், பயாஸுக்குள் போய் ஆன்போர்டு லேன் எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

டிரைவரும் போட்டாயிற்று, இன்னும் நெட் இல்லையா? கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். ரவுட்டரே இல்லாமல் ஆபரேட்டரின் கேபிள் நேராகக் கணினிக்கு வருகிற வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில ஆபரேட்டர்கள் பழைய கணினியின் மேக் முகவரியைப் பதிந்துவைத்து, அதற்கு மட்டுமே இணைப்புத் தருவார்கள். புதுப் போர்டுக்குப் புது மேக் முகவரி. போன் செய்து மாற்றச் சொன்னால் முடிந்தது.

முகவரி சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் கொடுங்கள். பதில் வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது, டிஎன்எஸ் அமைப்பில் கோளாறு இருக்கலாம். கணினியின் தேதியையும் பாருங்கள். புதுப் போர்டில் கடிகாரம் பின்தங்கியிருந்தால், பாதுகாப்பற்ற இணைப்பு என்று சொல்லி பிரவுசர் பெரும்பாலான தளங்களைத் திறக்காது.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லையா? உபுண்டு லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். அங்கே நெட் வந்தால் போர்டில் குறையில்லை, விண்டோஸ் பக்கம்தான் பார்க்க வேண்டும். நல்லதென்று தெரிந்த கேபிளைச் செருகி, பயாஸும் சரியாக இருந்து, லினக்ஸிலும் விளக்கு எரியவில்லை என்றால் மட்டுமே போர்டைக் கழற்றுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். பிராசஸர் சாக்கெட்டின் மேல் வந்த பிளாஸ்டிக் மூடியைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். அது இல்லாவிட்டால் வாரன்டியில் போர்டை ஏற்க மறுக்கும் நிறுவனங்கள் உண்டு.