இல்லறத்தில் இருவர் எடுக்கும் உறுதி
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

   

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றியன்றோ பேச வேண்டும், உப்பையும் சர்க்கரையையும் உறக்கத்தையும் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. நம் தெருவில் ஒரு பிள்ளை முதல் தலைமுறையாகப் படித்துப் பட்டம் பெற 20 ஆண்டுகள் ஆகின்றன. அப்பிள்ளைக்காகத் தாய் நகையை அடகு வைக்கிறாள். தந்தை இரவுப் பணிக்குச் செல்கிறார். கழகம் புத்தகம் வாங்கித் தருகிறது. இவ்வளவும் செய்து ஓர் அரசுப் பணியில் அமர்ந்தவர், தம் 50 ஆம் வயதிலேயே சிறுநீரகம் பழுதுற்றோ, காலில் புண் ஆறாமலோ படுத்துவிட்டால், அவரை நம்பியிருக்கும் தம்பி தங்கையரின் படிப்பும் அவரோடு படுத்துவிடுகிறது. நாம் வரிந்து கட்டிய ஏணியின் நடுப்படி முறிந்து போகிறது. ஆகவே உடல்நலமும் கல்விக் கழகத்தின் கவலைகளுள் ஒன்றாக வேண்டும் என்பது என் கருத்து.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2023 ஆம் ஆண்டில் வெளிவந்தன. அதன்படி இந்தியாவில் வயது வந்தோருள் நீரிழிவு உடையோர் நூற்றுக்கு 11.4 பேர். நம் புதுச்சேரியிலோ நூற்றுக்கு 26.3 பேர்! கோவாவுக்கு அடுத்தபடியாக, நாட்டிலேயே இரண்டாம் இடம். நால்வர் கூடி நின்றால் அவருள் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்பது இதன் பொருள். 1823 ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரர் மருத்துவப் பள்ளி கண்ட நகரம் இது. அதன் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள். அந்நகரிலே வாழும் நமக்கு இப்படியொரு பெயர்!

இது எவ்வாறு நேர்ந்தது? நம் பாட்டனும் பாட்டியும் கேழ்வரகும் கம்பும் உண்டார்கள்; ஏரிக்கும் வயலுக்கும் நடந்தார்கள். அந்நாளைப் பொற்காலம் என்று புகழ நான் வரவில்லை. அவர்கள் அரைவயிற்றுக்கு உண்டவர்கள். பலர் இளமையிலேயே மாண்டவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாயின் வயிற்றில் போதிய ஊட்டமின்றி, எடை குறைந்து பிறந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இதயநோயும் வரும் வாய்ப்பு மிகுதி என்று மருத்துவ அறிவியல் கூறுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சாதி நமக்கு விதித்த பட்டினி, உடலிலும் தன் கணக்கை எழுதி வைத்திருக்கிறது. அத்தகைய உடலோடு நாம் இன்று நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கிறோம். இரு சக்கர வண்டியில் போகிறோம். மூன்று வேளையும் தீட்டிய வெள்ளரிசியை உண்கிறோம். இடையிடையே சர்க்கரை மிகுந்த தேநீர் பருகுகிறோம்.

இதனோடு மதுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்டை மாநிலத்தில் மதுவிலக்கு இருந்த காலத்திலும் இவ்வூரில் மது ஓடியது. அரசு வருவாயில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வருவாய் யாருடைய கூலியிலிருந்து வந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1936 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள், சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அப்போராட்டத்தின் பயனாக மறு ஆண்டில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அவ்வுயிர்கள் ஈட்டித் தந்தது ஓய்வு நேரம். மனைவி மக்களோடு அமர்ந்து உண்ணவும், படிக்கவும், உறங்கவும் ஆன நேரம். அந்நேரத்தைச் சாராயக் கடையின் வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவது அத்தியாகிகளுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகுமா? எண்ணிப் பாருங்கள்.

இனி, நம் தலைவரின் வாழ்விலிருந்தே ஒரு செய்தியை எடுத்துரைக்க விரும்புகிறேன். அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்ட மேதையாக நாம் அறிவோம். அவர் நீரிழிவு நோயாளியாகவும் வாழ்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவருடைய முதல் துணைவியார் ரமாபாய் அம்மையார், கணவர் அயல்நாடுகளில் பயின்ற காலத்தில் பம்பாயில் கொடிய வறுமையைத் தாங்கினார். நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்தார். நெடுநாள் நோயுற்று 1935 ஆம் ஆண்டு மே 27 ஆம் நாள் மறைந்தார். அதன்பின் அண்ணல் பல ஆண்டுகள் தனித்தே வாழ்ந்தார். மதுவும் புகையும் தொடாதவர்; ஆனால் நள்ளிரவு கடந்தும் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருப்பவர். அரசியல் சட்ட வரைவுப் பணியின் பளு ஏறிய காலத்தில் நீரிழிவும் நரம்பு வலியும் அவரை வாட்டின. பம்பாயில் மருத்துவம் பெற்றுக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் சாரதா கபீர் அவர்களோடு பழக்கம் ஏற்பட்டது. 1948 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள், தில்லியில் அண்ணலின் இல்லத்திலேயே அவ்விருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மணமகனுக்கு வயது 57, மணமகளுக்கு 39. பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த அம்மையார், சாதிவேலியைத் தாண்டி வந்து, சவிதா அம்பேத்கர் ஆனார்.

அம்மையார் தம் மருத்துவத் தொழிலை விட்டுக் கணவரின் உணவையும் இன்சுலின் ஊசியையும் ஓய்வையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஏற்றார். நோய் தீரவில்லை. ஆயினும் அடுத்த எட்டு ஆண்டுகளில் நடந்தவற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். அரசியல் சட்டம் 1949 நவம்பர் 26 ஆம் நாள் ஏற்கப்பட்டது. பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கோரிய இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக அவர் போராடி, 1951 இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். புத்தரைப் பற்றிய பெருநூலை எழுதி முடித்தார். அந்நூலுக்கென 1956 மார்ச்சில் எழுதிய முன்னுரையில், தம் மருத்துவரும் மனைவியும் ஆற்றிய உதவியை அவர் நன்றியோடு குறித்திருந்தார். அவர் மறைந்தபின் 1957 இல் நூல் அச்சேறியபோது அம்முன்னுரை அதில் இடம்பெறவில்லை. அவரது மறைவில் ஐயம் எழுப்பி அம்மையார்மீது பழி சுமத்தியவர்களும் உண்டு. இயற்கையான மரணமே என்றுதான் அரசு விசாரணை முடிவு கூறியது. சவிதா அம்மையார் 2003 மே மாதம் வரை வாழ்ந்தார். நோயுற்றவரைப் பேணும் பெண்ணுக்கு நம் சமுதாயம் பெரும்பாலும் தரும் பரிசு இத்தகையதே. கணவன் தேறினால் அது மருத்துவரின் திறமை. தேறாவிட்டால் அது மனைவியின் குற்றம்! இந்த வழக்கத்தை நாம் நம் வீடுகளிலிருந்து ஒழிக்க வேண்டும்.

இன்னொரு காட்சியையும் நினைவுகூருங்கள். 1956 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள், நாகபுரியில் முதுபெரும் பிக்கு சந்திரமணி அவர்களிடம் தம்ம தீட்சை பெற்றபோது அண்ணல் தனியாக நிற்கவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து நின்று, மும்மணிகளைச் சரணடைந்து, பஞ்சசீலத்தை ஏற்றார்கள். அதன்பின் அங்கே திரண்டிருந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு அண்ணல் 22 உறுதிமொழிகளை வழங்கினார். மது அருந்தேன் என்பதும் அவற்றுள் ஒன்று. அவர் 1942 ஜூலையில் அதே நாகபுரியில் ஒடுக்கப்பட்ட மகளிர் மாநாட்டில் பேசியபோதும், தூய்மையாக வாழுங்கள், தீய பழக்கங்களை விலக்குங்கள் என்று அறிவுறுத்தினார். மணமான பெண் கணவனுக்கு அடிமையாகாமல் அவனுக்குத் தோழியாகவும் நிகரானவளாகவும் நிற்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். உடல் ஒழுக்கமும் இல்லறச் சமத்துவமும் ஒரே பேச்சில் இடம்பெற்றதைக் கவனியுங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று நிலைக்காது.

ஏன் நிலைக்காது என்பதை விளக்குகிறேன். ஒரு வீட்டில் அடுப்பு ஒன்று, குழம்பு ஒன்று, அதிலிடும் உப்பும் எண்ணெயும் ஒன்று. கணவனுக்கு இரத்தக் கொதிப்பு என்று மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னால், மனைவி இருவகைக் குழம்பு வைக்க வேண்டியதாகிறது. பத்து நாள் வைப்பாள். பதினோராம் நாள் சலித்துவிடும். மனைவிக்கு நீரிழிவு என்றாலோ அவளுக்கெனத் தனிச்சமையல் செய்வார் எவருமில்லை. எல்லோரும் உண்டபின் மிஞ்சிய சோற்றை உண்பதே அவளுக்குப் பத்தியம்! 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். கடைசியாக உண்ணும் வழக்கத்துக்கும் இக்கணக்குக்கும் உறவில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆதலின் மாற்றம் இருவருக்கும் பொதுவாக, இருவரும் அமர்ந்து பேசி எடுத்த முடிவாக இருத்தல் வேண்டும்.

அவ்வாறு அமரும் தம்பதியர் எவற்றைப் பேசலாம்? சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, தட்டு. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால்பகுதி பருப்பு, பயறு, மீன் அல்லது முட்டை, எஞ்சிய கால்பகுதி சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரையும் மத்தி மீனும் நம் ஊரில் எளிதில் கிடைப்பன. கேழ்வரகு நல்லதுதான், ஆயினும் அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். கூழாகக் கரைத்துக் குடிப்பதைவிட, அடையாகச் சுட்டுக் கீரையுடன் உண்பது நீரிழிவுக்காரருக்கு ஏற்றது.

இரண்டாவது, உப்பும் சர்க்கரையும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். நாளைக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை ஒருவர் வயிற்றில் சேர்கிறது. வாரம் அரைக்கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். ஒரு திங்களில் நாக்கு பழகிவிடும்.

மூன்றாவது, நடை. நாளைக்கு 30 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் விரைந்து நடந்தால், மருத்துவர் கூறும் 150 நிமிடம் நிறைவாகும். மாலையில் வண்டிகள் புகாத கடற்கரைச் சாலை நமக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளையர் நகரம் என்று பிரித்து வைக்கப்பட்டிருந்த பகுதி அது. இன்று அங்கே கணவனும் மனைவியும் தலைநிமிர்ந்து, அருகருகே நடக்கலாம், காசு செலவில்லை. வீட்டில் பேச நேரமில்லாத பேச்சையெல்லாம் அந்நடையில் பேசித் தீர்க்கலாம்.

நான்காவது, மது. நாளொன்றுக்கு 150 ரூபாய் குடிக்குச் செலவிடுபவர் ஆண்டில் 54,750 ரூபாய் இழக்கிறார். அத்தொகை ஒரு பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு உதவும் என்பதைத் தம்பதியர் தாளில் எழுதிப் பார்க்கட்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையோர் மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். குடிநோயும் மருத்துவத்துக்குரிய நோயே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைத் திருத்தும் சுமையை மனைவியின் தலையில் ஏற்றவும் கூடாது. அவளுக்குப் பாதுகாப்பளிப்பது உறவினரின் கடமை, கழகத்தின் கடமை.

ஐந்தாவது, வேலைப் பங்கீடு. காய் நறுக்கவும், கீரை ஆயவும், பாத்திரம் துலக்கவும் ஆண்மகனுக்குக் கை உண்டு. இதனை விட்டுவிட்டு, நல்ல உணவு வேண்டும் என்று மட்டும் சொன்னால், நலவாழ்வு என்பது பெண்ணுக்கு வாய்த்த இன்னொரு வேலையாகவே முடியும்.

தோழர்களே! சாக்கடை நாற்றத்தில் வாழ்பவனுக்கும், நாளெல்லாம் குப்பை அள்ளுபவளுக்கும் நீங்கள் பத்தியம் சொல்லலாமா என்று யாரேனும் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. நல்ல குடிநீர், கழிப்பிடம், உயர்ந்த கூலி, மனிதக் கண்ணியம் ஆகியவற்றுக்கான போராட்டத்தை அரைக்கீரையும் அரைமணி நடையும் ஈடுசெய்யமாட்டா. அப்போராட்டம் தொடர வேண்டும். ஆனால் போராடுவதற்கும் உடல் வேண்டுமல்லவா? நோய்களைத் தீர்க்கும் சித்த மருத்துவராக விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர்தாம் 1898 ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்டு, சாதிநோய்க்கும் மருந்து தேடினார். மருந்துக்கு ஓர் அதிகாரமும், கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவரும், உடலைப் பேணுவதை அறிவுடைமையாகவே கண்டார்.

இளைஞர்களே! உங்களுள் பலர் விரைவில் இல்லறம் ஏற்கவிருக்கிறீர்கள். மணவிழாவுக்குக் கடன் வாங்கிப் பந்தல் போடுவதற்கு முன், மணமக்கள் இருவரும் ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்து, நாம் எப்படி உண்போம், எப்படி உழைப்போம், வீட்டு வேலையை எப்படிப் பகிர்வோம், எதனை வீட்டுக்குள் விடமாட்டோம் என்று பேசி முடிவெடுங்கள். முப்பது வயது கடந்தவர்கள் இணையராகவே மருத்துவமனைக்குச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து வாருங்கள். கழகப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நம் கூட்டங்களில் ஆண்டுக்கு இருமுறையேனும் இத்தகைய பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள், விழாக்களில் தரும் தேநீரில் சர்க்கரையைக் குறைத்து வழிகாட்டுங்கள்.

கழகம் பொன்விழா காணும் நாளில், இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பதியர் அன்றும் அதே முன்வரிசையில், தம் பேரப்பிள்ளைகள் பரிசு பெறுவதைக் கண்ணாரக் காண வேண்டும். அவ்வாழ்வை வேண்டி என் உரையை நிறைவு செய்கிறேன்.  ஜெய் பீம்!