இன்னொரு படி



ஏட்டுச்சுவடிக் காலத்திலே 'படி எடுத்தல்' என்பது ஒரு தொழில். பனையோலை எத்தனை பக்குவமாகப் பதப்படுத்தப்பட்டாலும் எங்கள் வெக்கையிலும் மாரிக்காலத்து ஈரத்திலும் செல்லரிக்கும், ஓரம் உதிரும். ஆகவே பழைய ஏடு முற்றாய்ச் சிதைவதற்குள் அதைப் பார்த்து இன்னோர் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதப்பட்ட நூல் பிழைத்தது, எழுதப்படாதது போயிற்று. குடாநாட்டுச் சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சிலேற்றினார். ஊரூராய் ஏடு தேடிச் சேர்த்தார் என்று அவரைப் பாராட்டுகிறோம். ஒரே நூலுக்குப் பல ஏடுகளை அவர் ஏன் தேடினார்? ஒன்றிலே பூச்சி தின்ற அடி இன்னொன்றிலே தப்பியிருக்கும். நூலைக் காப்பாற்றியது பதிப்பாசிரியரின் உழைப்பு மட்டுமன்று. பெயர் தெரியாத யாரோ ஒருவர் முன்னொரு நாளில் வேறோர் ஊரிலிருந்து எழுதிவைத்த இரண்டாம் படியுந்தான். உடுப்பிட்டிச் சிவசம்புப் புலவரின் பாட்டுகள் இன்று எங்கள் கைக்கு எட்டுகின்றனவென்றால், அவை ஓரிடத்திலே பூட்டிக் கிடக்கவில்லை என்பதே காரணம்.

1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதி அங்கே எரிந்துவிட்டது என்று இப்பொழுதும் சிலர் எழுதுகிறார்கள். துயரத்தின் மிகுதியிலே சொல்லப்படுவது அது; உண்மையன்று. ஒல்லாந்தர் காலத்திலே மயில்வாகனப் புலவர் செய்த அந்நூலை 1879இலேயே பிறிற்றோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தமிழிலும் பின்னர் அச்சாகியது. நூலகத்திலிருந்த பிரதி எரிந்தது, நூல் எரியவில்லை. ஆனால், வேறெங்கும் படியில்லாமல் அங்கே மட்டும் இருந்த கையெழுத்துப் பிரதிகளும் ஏடுகளும் அப்படியல்ல. அவற்றுக்கு அந்த இரவே முடிவு. 2005இலே 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கியவர்கள், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்படியாக்கி வருகிறார்கள். தாமோதரம்பிள்ளை கையாண்ட வழிதான் அதுவும்.

இதையெல்லாம் நூலகங்களுக்குரிய கவலை என்று விட்டுவிடலாமா? வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்ப்போம்.

1987 மே 26ஆந் திகதி வடமராட்சியிலே இராணுவ நடவடிக்கை தொடங்கியது. உடுப்பிட்டி, வல்வெட்டித்துறை, நெல்லியடி எங்கும் சனங்கள் கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஓடினார்கள். ஓடுகிறவர் கையில் எது இருக்கும்? காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, இருந்தால் நகை. படக்கொப்பி பாரம், அது அலுமாரியிலே கிடக்கட்டும், வந்து பார்க்கலாம் என்று விட்டுப் போனவர்கள்தான் அதிகம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனங்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்குமாய் நடந்தபோதும் அதுவே கதை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது கரையோர வீடுகளுக்கு அந்த யோசனைக்குக்கூட நேரமிருக்கவில்லை.

ஆனாலும் எங்கள் பல வீடுகளிலே கலியாணப் படம் இன்று சுவரில் தொங்குகிறதே, எப்படி? அது திரும்பி வந்த படம். 'இது உங்கள் தம்பியின் கலியாணம்' என்று கடிதத்துக்குள் வைத்து லண்டனுக்கோ கனடாவுக்கோ அனுப்பிய ஒரு பிரதி, பனிக்குளிர் நாட்டிலே யாரோ ஒரு மைத்துனரின் பெட்டிக்குள் கிடந்தது. சண்டை ஓய்ந்தபின் அதைப் பெருப்பித்து இங்கே அனுப்பினார்கள். அன்பினால் அனுப்பியது காப்பகமாக மாறிற்று. ஊர் ஸ்ரூடியோக்களில் இருந்த நெகட்டிவ்களும் ஒருகாலத்தில் அந்த வேலையைச் செய்தன. ஸ்ரூடியோவும் எரிந்த இடத்தில் அதுவும் இல்லை.

இப்போதைய நிலைமை என்ன? கலியாணம், சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி, பிள்ளையின் முதல் நடை, அம்மம்மாவின் குரல், காணி உறுதியின் படம், வங்கிப் புத்தகத்தின் படம் எல்லாம் கையகலக் கருவி ஒன்றுக்குள்ளே இருக்கின்றன. முன்னைய படக்கொப்பியாவது பாரமென்று வீட்டில் கிடந்தது. இது எங்களோடேயே திரியும். கிணற்றுக்கட்டில் இருக்கும், மோட்டார் சைக்கிளில் சட்டைப் பையிலிருந்து விழும். இப்போதைய தொலைபேசிகள் தம்முள்ளே இருப்பதை மறைகுறியாக்கி வைக்கின்றன. அதனால் கருவி செத்துவிட்டால், திருத்துகிறவர் உள்ளிருக்கும் சில்லைக் கழற்றி எடுத்தாலும் படம் வராது. பூட்டிலக்கம் தெரியாத இடத்திலும் அப்படித்தான். வீட்டுப் பெரியவர் திடீரென்று கண்ணை மூடிவிட, இலக்கம் அவரோடு போய்விடும். மேசையிலே தொலைபேசி இருக்கும், மணியடிக்கும்; உள்ளே இருக்கும் பத்து வருடத்து வாழ்க்கையை மட்டும் பிள்ளைகள் காண முடியாது.

படம் என்றால் வெறும் ஆசைக்குரியது என்று நினைப்பவர்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலே தொடங்கிய போராட்டத்தின் காட்சிகளை நினைத்துப் பார்க்கட்டும். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படம். சிலருடையது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. முகம் புள்ளி புள்ளியாய்க் கலைந்திருக்கும். இப்படியொருவன் இருந்தான் என்பதற்குச் சிலவேளை அதைவிட வேறு சாட்சி மிஞ்சுவதில்லை.

'எல்லாந்தான் கூகுளில் ஏறுகிறதே' என்பீர்கள். ஏறுகிறது, ஓரளவுக்கு. படங்களை அளவில்லாமல் இலவசமாக வைக்கும் வசதி 2021 யூன் மாதத்தோடு நின்றுபோயிற்று; மின்னஞ்சல், படம், எல்லாவற்றுக்குமாய் இலவச இடம் 15 ஜிகாபைற்று. அது நிரம்பினால் ஏற்றம் நின்றுவிடும். எச்சரிக்கைச் செய்தி வந்தாலும் அதை எத்தனை பேர் வாசிக்கிறோம்? இன்னொன்று: கருவியில் இடமில்லையென்று அந்தச் செயலியிலேயே படத்தை அழித்தால் வானத்திலிருப்பதும் சேர்ந்தே அழியும். கண்ணாடியிலே தெரியும் உருவத்தை இரண்டாம் ஆள் என்று எண்ணக்கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்த நாட்டிலே, எல்லாவற்றையும் இணையத்தை நம்பி விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இணையப் படி இருக்கட்டும்; அது மூன்றில் ஒன்றாக இருக்கட்டும்.

மூன்று என்று சொன்னது வாய்க்கு வந்த கணக்கல்ல. பீற்றர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சொல்லிவைத்த ஒழுங்கு அது: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்றேனும் வேறு இடத்தில். அந்தக் 'வேறு இடம்' என்பதன் பொருளை அமெரிக்கருக்கு விளக்க வேண்டியிருக்கலாம். வடமராட்சிக்கு விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் செய்வது கடினமான வேலையல்ல. ஒரு ரெறாபைற்று வெளி வன்தட்டு ஒன்று வாங்குங்கள். படமொன்று நான்கு மெகாபைற்று என்று வைத்தால் இரண்டரை இலட்சம் படம் பிடிக்கும். ஒரு குடும்பத்தின் ஆயுளுக்கு அது போதும், வீடியோக்கள் கொஞ்சம் கூடுதலாய்த் தின்னும் என்றாலும். மலிவு விலையில் இரண்டு ரெறாபைற்றுப் பென்ட்ரைவ் என்று சந்தையில் விற்பவற்றில் போலி உண்டு. வெளியில் எழுதிய அளவு உள்ளே இராது. நிரம்பியபின் எழுதுவது முன்னதை அழித்துக்கொண்டே போகும். தொலைபேசியைக் கம்பியால் கணினியில் இணைத்து, 'கோப்பு மாற்றம்' என்பதைத் தெரிந்து, கமராக் கோப்புறையைப் படியெடுங்கள். வட்ஸ்அப்பில் வந்தவை வேறு கோப்புறையில் கிடக்கும். பேரப்பிள்ளை ரொறொன்ரோவிலிருந்து அனுப்பிய படமும், அம்மம்மா பேசி அனுப்பிய குரலும் அங்கேதான் இருக்கின்றன. அதை மறந்தால் பாதி வேலைதான் ஆகும். கணினி இல்லாத வீட்டில், தொலைபேசியிலேயே நேரே செருகக்கூடிய பென்ட்ரைவ் உண்டு. பிள்ளைகளின் ரப்லெற்றுக்கும் இதே முறை. பெருந்தொற்றுக் காலத்துப் பாடங்களோடு படங்களும் அதற்குள் கிடக்கும்.

வெட்டி ஒட்டாதீர்கள், படியெடுங்கள். நடுவிலே கம்பி கழன்றால் வெட்டியது இங்கேயும் இல்லாமல், அங்கேயும் இல்லாமல் போகக்கூடும். படியெடுத்தபின் பத்துப் படத்தையாவது தட்டிலிருந்து திறந்து பாருங்கள். இலேசில் யாரும் செய்யாத வேலை இது. படியெடுத்தேன் என்ற நிம்மதியோடு வெறுந்தட்டைப் பூட்டிவைத்தவர்களும் உண்டு.

நினைவட்டையைச் சில தொலைபேசிகள் 'உள்நினைவகம்' போலப் பாவிக்கட்டுமா என்று கேட்கும். ஆமென்றால் அந்த அட்டை அந்தத் தொலைபேசியில் மட்டுந்தான் வாசிக்கும். தொலைபேசி பழுதானால் அட்டையும் ஊமை. பென்ட்ரைவை வருடக்கணக்காய்ச் செருகாமல் வைத்தால் அதிலுள்ள மின்னேற்றம் மெல்லக் கசிந்து எழுத்து அழியக்கூடும். வன்தட்டு விழுந்தால் போயிற்று. எல்லாத் தட்டும் ஒருநாள் சாகும் என்று எண்ணிக்கொண்டு, ஐந்தாறு வருடத்துக்கொருமுறை புதிய தட்டுக்கு மாற்றுவது நல்லது. ஏட்டுக்குச் செய்ததும் அதுதானே. கடற்கரைப் பக்கத்து வீடென்றால் உப்புக்காற்றுப் புகாதபடி இறுக்கமூடும் தகரப்பெட்டியில் வையுங்கள்.

இரண்டாந் தட்டு வீட்டில் இருக்கக்கூடாது. உடுப்பிட்டி வீட்டுத் தட்டு கொழும்பிலே மகளிடம் இருக்கட்டும். மகளுடையது உடுப்பிட்டிக்கு வரட்டும். திருவிழாவுக்கோ விடுமுறைக்கோ வருகிறவர் ஒன்றைக் கொண்டுவந்து மற்றதைக் கொண்டுபோகலாம். தட்டுக்குப் பூட்டிலக்கம் இட்டால், அதை வீட்டில் இன்னுமொருவர் அறிந்திருக்க வேண்டும். காணி உறுதியோடு ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள்.

இவ்வளவும் செய்தபின் ஒரு குறை மிஞ்சும். பழைய படத்தைத் திருப்பினால் பின்புறத்தில் ஊற்றுப்பேனையால் எழுதியிருப்பார்கள்: இடமிருந்து வலமாக இன்னார் இன்னார், இன்ன ஆண்டு, இன்ன கோயில் வீதி. இன்றைய படத்துக்கு முதுகு இல்லை. ஓர் இலக்கம் மட்டுந்தான். கோப்புறைக்குப் பெயரிடுங்கள்: '2014 தங்கச்சி கலியாணம்', '2019 அப்புவின் முப்பத்தோராம் நாள்'. அதற்குள்ளே ஒரு சிறு எழுத்துக்கோப்பில் யார் எவர் என்று எழுதுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் ஒரு பின்னேரம் அவரருகே இருந்து, படத்தைப் பெருப்பித்துக் காட்டிக் கேளுங்கள். மூன்றாவது வரிசையில், தூணோடு ஒதுங்கி நிற்கும் அந்தச் சின்னப் பெண் யாரென்று அவருக்குத்தான் தெரியும்.