வீடு தேடிச் செல்லும் உதவி

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற நமது சபையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வசதி குறைந்தவர்களுக்குக் கல்வியும் வேலையும் கிடைக்க நம்மைப் போன்ற சபைகள் என்ன செய்யலாம் என்பது பற்றி இருபது நிமிஷம் பேசும்படி காரியதரிசி பணித்திருக்கிறார். நான் காலேஜில் ரசாயனம் படித்தவன். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீஸில் ஃபைல் பார்த்தவன். அலங்காரமான பேச்சு எனக்கு வராது. நம் ஊரில் நடந்தவற்றைச் சொல்லி, கடைசியில் ஒரு யோசனையை உங்கள் முன் வைக்கிறேன்.

இங்குள்ள மூத்தவர்கள் 'சாப்பா' என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலைக்கு விடியற்காலையில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து நிற்பார்கள். கங்காணி உலோக வில்லைகளை அந்தக் கூட்டத்தின் மேல் வீசுவான். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை உண்டு. கிடைக்காதவன் வெறுங்கையுடன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த வில்லைதான் சாப்பா. இந்த முறையை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று இதே மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

சாப்பா போய்விட்டது. ஆனால் நாம் செய்யும் உதவிகள் பலவற்றில் அதன் சாயல் இன்னும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஸ்காலர்ஷிப் என்று நோட்டீஸ் ஒட்டுகிறோம். ஃபாரம் வைக்கிறோம். கடைசித் தேதி போடுகிறோம். விவரம் தெரிந்தவர்கள் வந்து வாங்கிக்கொள்கிறார்கள். மிகவும் கஷ்டத்தில் இருப்பவர்கள் அந்த நோட்டீஸ் போர்டுப் பக்கமே வருவதில்லை. வெட்கம் ஒரு காரணம். வேலையை விட்டு வர முடியாதது இன்னொரு காரணம். தங்களுக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாதது மூன்றாவது காரணம்.

இதற்கு நேர் எதிரான வழியை நம் எர்ணாகுளம் ஜில்லாவே 1989-இல் செய்து காட்டியது. முழு எழுத்தறிவு இயக்கத்தைத்தான் சொல்கிறேன். அப்போது கே.ஆர்.ராஜன் கலெக்டராக இருந்தார். 1962-இல் விக்ஞான விஷயங்களை மலையாளத்தில் எழுதுவதற்காகத் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் அவருடன் கைகோத்தது. ஏப்ரல் மாதத்தில் ஒரே நாளில் சுமார் 50 ஆயிரம் தொண்டர்கள் ஏறக்குறைய 6 லட்சம் வீடுகளுக்குப் போய் யாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று கேட்டுக் குறித்து வந்தார்கள். சுமார் ஒன்றே முக்கால் லட்சம் பேரின் பெயரும் விலாசமும் கைக்கு வந்தன. அதற்குப் பிறகுதான் வகுப்பே தொடங்கியது. ஏறத்தாழ 20 ஆயிரம் பேர் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1990 பிப்ரவரி 4 அன்று பிரதமர் வி.பி.சிங், எர்ணாகுளத்தை நாட்டின் முதல் முழு எழுத்தறிவு ஜில்லாவாக அறிவித்தார்.

எங்கள் ஆபீஸிலிருந்தும் சிலர் இதில் சேர்ந்தோம். கூவப்பாடம் பக்கம் ஒரு வகுப்பை மேற்பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மண்டிகளில் சுக்கும் மிளகும் புடைத்துத் தரம் பிரிக்கும் பெண்கள் வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வருவார்கள். முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தோம். ஐம்பது வயதான அம்மாள் ஒருவர் புஸ்தகத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு "ஒன்றும் ஏறவில்லை" என்று வருத்தப்பட்டார். அவர் புத்தியில் எந்தக் குறையும் இல்லை. வெள்ளெழுத்துதான் காரணம்! ஜில்லா முழுவதும் இப்படித்தான் இருந்தது. கண் பரிசோதனை முகாம்கள் நடத்தி, வீடுகளில் சும்மா கிடந்த கண்ணாடிகளைச் சேகரித்து, ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள். பாடம் ஏறாததற்குக் கண்ணாடி இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்பது, பக்கத்தில் போய் உட்கார்ந்ததால்தான் தெரிந்தது.

தேர்ச்சிக்கும் கறாரான அளவு வைத்திருந்தார்கள். நிமிஷத்துக்கு 30 சொற்கள் படிக்க வேண்டும், 7 சொற்கள் பார்த்து எழுத வேண்டும், நூறு வரை எண்ணி எழுத வேண்டும், கூட்டல் கழித்தல் தெரிய வேண்டும். கையெழுத்துப் போட்டால் போதும் என்று விட்டுவிடவில்லை. விக்ஞானம் படித்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அளந்து பார்க்காத உதவி பலன் தந்ததா என்று எப்படிச் சொல்ல முடியும்?

இரண்டாவது உதாரணம் குடும்பஸ்ரீ. 1998-இல் மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்தார். அதற்கு முன்பே 1990-களின் தொடக்கத்தில் ஆலப்புழையில் ஒரு பரீட்சை நடந்தது. ஏழை யார் என்று தீர்மானிக்க வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. ஒன்பது கேள்விகள் கேட்டார்கள். சரியான வீடு உண்டா, கழிப்பறை உண்டா, நல்ல குடிநீர் உண்டா, சம்பாதிப்பவர் ஒருவருக்கு மேல் இருக்கிறார்களா, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கிறார்களா என்ற ரீதியில். ஒன்பதில் நான்கு குறை இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை. இதைத் தீர்மானித்தவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்களே. பக்கத்து வீட்டுக்காரியிடம் பொய் சொல்ல முடியுமா? இன்று 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். 2017-இல் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது ஸ்டேஷன் வேலைகளில் குடும்பஸ்ரீ பெண்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். 2021 அக்டோபரில் நமது கார்ப்பரேஷன் 10 ரூபாய்ச் சாப்பாட்டுடன் தொடங்கிய 'சம்ருத்தி' ஹோட்டலிலும் சமைப்பதும் பரிமாறுவதும் அவர்களே.

மூன்றாவது, ரோஷ்ணி. 2017-இல் நமது ஜில்லா நிர்வாகம் வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகத் தொடங்கியது. மலையாளம் புரியாத குழந்தைக்கு ஹிந்தியோ வங்காளமோ ஒடியாவோ தெரிந்த தொண்டர் ஒருவர், ஸ்கூல் மணி அடிக்கும் முன்பே ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுத்தார். காலை டிபனும் கொடுத்தார்கள். பெற்றோர் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவதால் குழந்தை பட்டினியாக வரும் என்பதை யாரோ ஒருவர் நேரில் பார்த்திருக்கிறார்.

இந்த மூன்றையும் ஏன் சொன்னேன்? மூன்றிலும் உதவி வீடு தேடிப் போயிருக்கிறது. மூன்றிலும் பணத்தைவிட மனுஷருடைய நேரம் அதிகம் செலவாகியிருக்கிறது.

இன்றைய பிரச்சனை 1989-இல் இருந்தது போல் அல்ல. எழுத்தறிவு இருக்கிறது, சர்டிபிகேட்டும் இருக்கிறது. ஆனால் வேலை இல்லை. 2023-24 மத்திய அரசுக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 15 முதல் 29 வயதுக்குள் வேலை தேடுபவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு வேலையில்லை. பெண்களை மட்டும் எடுத்தால் 47. அகில இந்திய அளவில் இது 10 தான். நம் தெருவைச் சுற்றியே பாருங்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து எங்கே எந்த ஃபாரம் போடுவது என்று சொல்ல ஆளில்லாமல் வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்? வெளி மைதானத்துப் பக்கம் டோபிகானாவில் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் இங்கே வந்ததாக வழிவழியாகச் சொல்லப்படுபவர்கள், வீட்டில் நம்மைப் போலவே தமிழ் பேசுபவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறான் என்று நம்மில் யாராவது கேட்டதுண்டா?

"நம்மவர்களிலேயே கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்களே, முதலில் அவர்களைப் பார்க்க வேண்டாமா?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. சமையல் வேலைக்கும் கோயில் வேலைக்கும் போய்க் குடும்பம் நடத்துகிறவர்கள் நம்மிடையே உண்டு. முன்னேறிய வகுப்பு ஏழைகளுக்குச் சர்க்கார் வேலையில் 10 சதவீத ஒதுக்கீடு கேரளத்தில் 2020 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஆண்டு வருமானம் 4 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று அப்போது வரம்பு வைத்தார்கள். முன்னேறிய சமுதாயங்களுக்கான நலக் கார்ப்பரேஷன் 'வித்யா சமுன்னதி' ஸ்காலர்ஷிப் தருகிறது. இவற்றுக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத வீடுகளை எனக்குத் தெரியும். ஆகவே நம் வீடா அவர்கள் வீடா என்பதல்ல கேள்வி. பெயர்ப் பட்டியல் இல்லாத வரை இரு வீட்டுக்கும் நம் உதவி போய்ச் சேராது.

என் யோசனை மிகவும் சிறியது. நான்கு காரியங்கள்.

ஒன்று, நமது ஹாலைச் சுற்றி நடந்து போகும் தூரத்திலுள்ள வீடுகளில், ஜாதி மதம் கேளாமல், படிப்பை நிறுத்தியவர், வேலை தேடுபவர் பெயர்களை எழுதுவது. வார்டு குடும்பஸ்ரீ பெண்களைக் கூட அழைத்துக்கொண்டால் கதவு திறக்கும்.

இரண்டு, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஃபாரம் நிரப்பித் தரும் மேஜை. பி.எஸ்.சி. பதிவு, ஸ்காலர்ஷிப், வில்லேஜ் ஆபீஸ் சான்றிதழ். ஆயுள் முழுக்க ஃபாரம் பார்த்த ரிட்டயர்டு ஆசாமிகள் நம்மிடம் இல்லாமலா!

மூன்று, எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியவர்களுக்கு 'சே' பரீட்சை வரை கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுப்பது. படிப்பை விட்டவர்களுக்கு எழுத்தறிவு மிஷனின் சமநிலைப் பரீட்சை இருக்கிறது. ஹரிப்பாட்டுக்குப் பக்கத்து கார்த்தியாயினி அம்மாள் 2018-இல் 96-ஆவது வயதில் நூற்றுக்கு 98 வாங்கியது அதே மிஷனின் எழுத்தறிவுப் பரீட்சையில்தான்.

நான்கு, கல்வி நிதியில் ஒரு பங்கைச் சில்லறைச் செலவுக்கு ஒதுக்குவது. பஸ் கட்டணம், பரீட்சைக் கட்டணம், இன்டர்வியூவுக்குப் போக ஒரு ஜோடிச் செருப்பு. படிப்பு நிற்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னத் தொகைகளால்தான்.

ஒரு வருஷம் கழித்து இதே கூட்டத்தில் காரியதரிசி அறிக்கை வாசிக்கும்போது, செலவான ரூபாயோடு இன்னும் மூன்று எண்கள் வாசிக்க வேண்டும். எத்தனை வீடு போனோம், எத்தனை பேர் திரும்பப் படிக்கச் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது. எண் சிறியதாக இருந்தால் பரவாயில்லை. நிஜமாக இருந்தால் போதும்.

வித்யாதானம் உயர்ந்தது என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாங்க வருகிறவருக்குக் கொடுப்பதோடு, வர முடியாதவரைத் தேடிப் போய்க் கொடுப்பதும் அதில் அடங்கும் என்பது என் அபிப்பிராயம். வாசலில் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்திருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு தர முடிந்தவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் பெயர் என்னுடையது.