மெஷினோடு மல்லுக்கட்டும் மூச்சு

(நமது டிரஸ்டின் மருத்துவ வழிகாட்டல் கூட்டத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஐசியு வாசலில் காத்திருக்கும் குடும்பத்தார் என்னிடம் அதிகம் கேட்பவை இரண்டு கேள்விகள். "மெஷின்தானே மூச்சு விடுது, அத்தாவுக்கு உயிர் இருக்கா டாக்டர்?" என்பது ஒன்று. "மெஷின் வச்ச பிறகுதான் ரொம்பத் தவிக்கிறார், கழற்றிடலாமா?" என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் சொல்கிறேன்.

நாம் மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும், காற்று தானாக உள்ளே வரும். வென்டிலேட்டரோ காற்றை உள்ளே தள்ளுகிறது. நோயாளி இழுக்கும் அதே நொடியில் தள்ளினால் அவருக்குச் சுகம். அவர் வெளியே விடும் நேரத்தில் தள்ளினால், வாயில் இருப்பதை விழுங்குமுன் அடுத்த கவளத்தைத் திணிப்பது போலாகிவிடும். நீங்கள் பார்க்கும் தவிப்பு பல நேரம் இதுதான்.

1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசை செயலிழந்தவர்களுக்குப் போதுமான கருவிகள் இல்லை. இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் சொன்ன வழிப்படி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்து ரப்பர் பையைக் கையால் அமுக்கினார்கள். பலர் பிழைத்தார்கள். கையால் அமுக்குபவருக்கு நோயாளியின் முகம் தெரியும். மெஷினுக்கு ஏது முகம் பார்க்கும் கண்?

அதனால் இன்றைய வென்டிலேட்டருக்கு வேறு வழி கொடுத்திருக்கிறார்கள். நோயாளி இழுக்கத் தொடங்கியதும் குழாயில் அழுத்தம் மிகச் சிறிதளவு குறையும், காற்றோட்டம் சற்று மாறும். அதை உணர்ந்ததும் மெஷின் காற்றைத் தருகிறது. சில மெஷின்களில் மூக்கு வழியாக இறக்கும் மெல்லிய குழாயிலேயே மின்முனைகள் இருக்கும். அவை உதரவிதானத்தின் மின்துடிப்பையே நேரடியாகப் பிடித்துவிடும். குறைமாதக் குழந்தைகளின் பூப்போன்ற மூச்சுக்கு இது பெரிய உதவி. எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

எப்படிப்பட்ட மெஷினும் தவறவிடும். எங்களிடம் ஒரு பெரியவர் இருந்தார். பார்க்க வந்த மகள் தஸ்பீஹ் மணியை உருட்டி, ஒரு நிமிடத்தில் அத்தாவின் நெஞ்சு எத்தனை முறை எழும்புகிறது என்று எண்ணினார். 26. திரையில் 18 என்றிருந்தது. "மீதி எட்டு எங்கே போச்சு டாக்டர்?" என்று கேட்டார். எட்டு முறை அவர் இழுத்துப் பார்த்தும் மெஷினுக்கு அது எட்டவில்லை! புகையால் கெட்ட நுரையீரலில் உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறாமல் தேங்கும். அந்தத் தேக்கத்தைத் தாண்டி இழுக்க அவருக்குத் தெம்பில்லை. காற்று தள்ளும் அளவையும் நேரத்தையும் குறைத்து, வெளியே விடக் கூடுதல் நேரம் கொடுத்தோம். சிறிது நேரத்தில் இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாயின. நெற்றிச் சுருக்கமும் போயிற்று.

ஆகவே தவிப்பைக் கண்டால் கழற்றச் சொல்லாதீர்கள், குழாயையும் தொடாதீர்கள். நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சளி அடைத்திருக்கலாம், வலி இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். நுரையீரல் மிகவும் கெட்டிருந்தால் ஆழ்ந்த தூக்க மருந்தே தேவைப்படும். ஆனால் மெஷினைச் சரிசெய்யப் பார்க்காமல் எடுத்தவுடன் தூங்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். "மூச்சை ஆரம்பிப்பது அவரா, மெஷினா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பல நேரம், "அவர்தான், மெஷின் துணைக்குப் போகிறது" என்பதே பதில். மெஷினே ஆரம்பித்தாலும் பதற வேண்டாம், தூக்க மருந்திலும் அப்படித்தான் இருக்கும். திரையை மட்டும் பார்த்து நீங்களாக முடிவு செய்யாதீர்கள். குழாயில் தேங்கிய தண்ணீர் ஆடினால்கூட மெஷின் அதை மூச்சென்று நினைத்துவிடும்.

இன்னொன்று. ஆஸ்துமா, பீடி, சிகரெட் எதையும் எங்களிடம் மறைக்காதீர்கள். அந்தப் பெரியவர் முப்பது வருடம் பீடி குடித்தவர். மரியாதைக் குறைவாகிவிடுமே என்று மூத்த மகன் முதல் நாள் சொல்லவில்லை. மணி உருட்டிய மகள்தான் மூன்றாம் நாள் சொன்னார்.